மூணு நாள் பிஓடியும் அஞ்சு நாள் பிஓடியும் ஒண்ணா? கழிவுநீர்ப் பாடத்தில் எது சரி?

சிவில்_வாத்தியார்:
செமஸ்டர் நெருங்குவதால் கழிவுநீர்ப் பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. பிஓடி என்பது தண்ணீரில் உள்ள கரிமக் கழிவை பாக்டீரியா சிதைக்கச் செலவாகும் ஆக்சிஜனின் அளவு. அந்தச் சோதனை என்றால் 20 டிகிரியில் ஐந்து நாள் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். இந்தியத் தரநிலை ஐஎஸ் 3025, பகுதி 44, 1993இல் அதை 27 டிகிரியில் மூன்று நாள் என்று ஆக்கிவிட்டது. குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். சூடு கூடினால் பாக்டீரியா வேகமாக வேலை செய்யும், ஐந்து நாள் வேலை மூன்று நாளில் முடிந்துவிடும். தேர்வில் எதை எழுதினாலும் மதிப்பெண் உண்டு. பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் நடத்துகிறேன்.

நொய்யல்காரன்:
ஏனுங்க சார், பன்னெண்டு வருசமா தப்பாவே நடத்தியிருக்கீங்க. "இரண்டும் ஒன்றுதான்"னு எந்தப் புத்தகத்துல இருக்குதுங்க? திருப்பூர்ல சாயப்பட்டறைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய (ஈடிபி) லேப்புல இருவத்திரண்டு வருசமா பிஓடி பாட்டில் கழுவறவன் நான். ஒரே சாம்பிள ரெண்டு விதமாவும் போட்டுப் பாத்திருக்கேன். ஒண்ணு இல்லைங்க.

உங்க பாடத்துக் கணக்கையே போடறேன். வீட்டுக் கழிவுநீருக்கு கே மதிப்பு, அதாவது ஒரு நாளைக்கு மட்கற வேகம், 20 டிகிரியில 0.23. ஒவ்வொரு டிகிரி கூடறப்பவும் கேயைப் பெருக்கற எண் தீட்டா, அது 1.047. 27 டிகிரிக்குக் கொண்டுபோனா கே 0.317 வரும். அஞ்சு நாள்ல மொத்த பிஓடியில 68.3 சதவீதம் தீரும். 27ல மூணு நாளைக்கு 61.4 சதவீதம்தான். பத்துல ஒரு பங்கு காணாமப் போச்சு. ரெண்டும் சமமா வரணும்னா தீட்டா 1.076 இருக்கணும். அந்த மதிப்ப உங்க புத்தகத்துல காட்டுங்க.

சிவில்_வாத்தியார்:
வணக்கம். கால்குலேட்டர் எங்களிடமும் இருக்கிறது. தீட்டா எல்லா வெப்பநிலைக்கும் 1.047 கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. 20க்கும் 30க்கும் இடையில் 1.056 எடுக்க வேண்டும். பொறியியல் படித்தவர்களுக்கு இது அடிப்படை.

நொய்யல்காரன்:
நான் படிச்சது பிஎஸ்சி வேதியியல்ங்க, பொறியியல் இல்லை. அதனால பெருக்கல் மறந்துபோகல. 1.056 போட்டாலும் 63.6 சதவீதம்தான் வருது. 68.3 வரலை. இப்பவும் ஒண்ணு இல்லை.

கேட்_பயணி:
சார், அண்ணா, ரெண்டு பேருக்கும் வணக்கம். எங்க மாதிரி வினாத்தாள்லயே ஒரு கணக்கு இருக்கு: "20 டிகிரியில் ஐந்து நாள் பிஓடி 150 மி.கி./லி., கே 0.23. 27 டிகிரியில் மூன்று நாள் பிஓடி எவ்வளவு?" விடை 135ன்னு குடுத்திருக்காங்க. ரெண்டும் ஒண்ணுன்னா 150 தானே சார் வரணும்?

நொய்யல்காரன்:
தம்பி, நல்லா இருப்பா. நான் அரைப் பக்கம் எழுதினத நீ ஒரு கேள்வியில கேட்டுட்ட. சார் பதில் சொல்லட்டும்.

சிவில்_வாத்தியார்:
பயிற்சிக் கணக்கு வேறு, களம் வேறு. அந்தக் கணக்கு சூத்திரத்தைப் பழகுவதற்கு. நடைமுறையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பிஓடி சோதனையின் துல்லியமே அவ்வளவுதான். குளுக்கோஸ், குளூட்டமிக் அமிலம் கலந்து போடும் சரிபார்ப்புச் சோதனையில் விடை 198 என்றால் 30.5 கூடவோ குறையவோ இருக்கலாம் என்று செய்முறையே அனுமதிக்கிறது. அதுவே 15 சதவீதம். நீங்கள் சண்டை போடும் 10 சதவீதம் அதற்குள் அடங்கிவிடும். இருபத்திரண்டு வருடம் பாட்டில் கழுவியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நொய்யல்காரன்:
"கிட்டத்தட்ட"ங்கற வார்த்தை உங்க முதல் பதிவுல இல்லைங்க. இப்பத்தான் வந்து ஒட்டிக்கிச்சு.

குளுக்கோஸ் சோதனை எனக்குத் தெரியும், மாசாமாசம் போடறேன். அந்த 30.5 ரெண்டு பக்கமும் ஆடற ஆட்டம். ஒரு நாள் கூட வரும், ஒரு நாள் குறைய வரும். மூணு நாள் கணக்கு எப்பவும் குறைச்சலாத்தான் வரும். தராசு முள்ளு ஆடறது வேற, தராசுத் தட்டுக்கு அடியில புளிய ஒட்டி வைக்கறது வேறங்க.

இன்னொண்ணு. சுத்திகரிச்ச தண்ணிக்கு கே 0.23 வராது, 0.1 பக்கம் வரும். லேசா மட்கற சரக்கையெல்லாம் காத்து அடிக்கற ஏரேஷன் டேங்குலயே பூச்சி தின்னு தீத்துடுது, மிச்சம் இருக்கறது மெதுவாத்தான் மட்கும். மொத்த பிஓடி 80ன்னு வைங்க. அஞ்சு நாள் முறையில 31.5. மூணு நாள் முறையில 27.1. ஆத்துல விட வரம்பு 30. ஒரே தண்ணி, ஒரு முறையில பெயில், இன்னொரு முறையில பாஸ். இதப் போயி ஒண்ணுங்கறீங்க.

ஆலைக் கழிவுநீருக்கான பழைய தரநிலை ஐஎஸ் 2490ல வரம்பு 30, அஞ்சு நாள், 20 டிகிரி. இப்ப சுற்றுச்சூழல் சட்ட அட்டவணையில வரம்பு அதே 30, மூணு நாள், 27 டிகிரி. நாளையும் சூட்டையும் மாத்தினாங்க, 30ஐ மாத்தலை. ஆத்துக்கு எவ்வளவு கூடப் போகுதுன்னு உங்க மாணவர்கள ஒரு நாளாச்சும் கணக்குப் போட விட்டீங்களா?

ஆய்வக_மீனா:
நான் ஒரு கல்லூரியில ஆய்வக உதவியாளர். நொய்யல் அண்ணா சொல்ற கணக்கு சரி, ஆனா பாதிதான். சுத்திகரிச்ச தண்ணியில நைட்ரஜன் தின்னும் பாக்டீரியா முன்னாடியே இருக்கும். அஞ்சு நாள் வச்சா அது அம்மோனியாவையும் தின்ன ஆரம்பிச்சிடும், பிஓடி பொய்யா ஏறும். தடுப்பு மருந்து போடாத லேப்ல மூணு நாள் முறைதான் நம்பிக்கையானது. அதையும் சொல்லுங்க.

அப்புறம் சார், பாடத்திட்டத்தில மூணு நாளோ அஞ்சு நாளோ, எங்க லேப்ல பிள்ளைங்க எதையும் பாக்கிறதில்ல. புதன்கிழமை வகுப்பு. மூணாம் நாள் சனிக்கிழமை, அவங்க வரமாட்டாங்க. அஞ்சாம் நாள் திங்கள், வேற வகுப்பு. முதல் நாள் டைட்ரேஷன் மட்டும் பாத்துட்டுப் போயிடுவாங்க. மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் ஊத்தினதும் பழுப்பா திரளுமே, அது வெள்ளையா திரண்டா ஆக்சிஜனே இல்லைன்னு அர்த்தம், அதக் கடைசி நாள்லதான் பாக்க முடியும். நாலு வருசம் படிச்சிட்டு அந்த வெள்ளைய ஒரு தடவை கூடப் பாக்காமப் போற பிள்ளைங்க இருக்காங்க. ரெக்கார்டு நோட்டுல போன வருசத்து நம்பர எழுதுவாங்க. எனக்கு வயிறு எரியும்.

சிவில்_வாத்தியார்:
மீனா அவர்கள் சொன்ன நைட்ரஜன் விஷயத்தைக் கவனிக்கவும். ஐந்து நாள் முறை கூடக் காட்டும், அதனால் மூன்று நாள் முறைக்கு மாறியது சரி. நான் சொன்னதும் அதுதான்.

நொய்யல்காரன்:
இல்லைங்க. நீங்க சொன்னது "இரண்டும் ஒன்றுதான்". மீனா சொல்றது ரெண்டும் வேறன்னு. அம்மணி எனக்குத்தான் சாட்சி.

ரெக்கார்டு நோட்டுன்னதும் ஞாபகம் வருது. 2001ல வைவால, மூணு நாள், 27 டிகிரின்னு எழுதியிருந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சிவப்பு மையில அடிச்சுட்டு "5 நாள் எங்கே?"ன்னு கேட்டாரு. ஐஎஸ் நம்பரச் சொன்னேன். "எனக்கே பாடம் எடுக்கறியா?"ன்னு எட்டு மார்க்க வெட்டினாரு. எட்டு மார்க்குல வகுப்புல ரெண்டாவதாப் போனேன். அன்னிக்கு அஞ்சு நாள்னு அடிச்சாங்க, இன்னிக்கு எத எழுதினாலும் மார்க்குங்கறீங்க. அப்ப என்னோட எட்டு மார்க்கு?

சிவில்_வாத்தியார்:
உங்கள் எட்டு மதிப்பெண்ணுக்கு நான் பொறுப்பல்ல. இந்த நபர் போன மாதம் படிகாரம் பற்றிய இழையிலும் இப்படித்தான் வந்து சண்டை போட்டார். யாரோ வெட்டிய மதிப்பெண்ணுக்கு எல்லாப் பேராசிரியர்களிடமும் வசூல் செய்கிறார்.

நொய்யல்காரன்:
படிகார இழையிலும் நீங்க பதில் சொல்லாமத்தான் போனீங்க. பிஹெச் 4க்குக் கீழ போனா படிகாரம் திரளுமான்னு கேட்டேன். இன்னும் காத்துட்டு இருக்கேன்.

கிள்ளான்_குமரன்:
மலேசியாவில இருந்து எழுதுறேன். இங்க செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுநீருக்குச் சட்டத்திலேயே மூணு நாள், 30 டிகிரின்னு இருக்கு. வரம்பு 100. மத்த பெரும்பாலான ஆலைகளுக்கு அஞ்சு நாள், 20 டிகிரி. ரெண்டையும் ஒரே நாட்டில வச்சிருக்கோம், யாரும் அடிச்சிக்கல. அங்க ஏன் 27?

நொய்யல்காரன்:
குமரன் அண்ணா, உங்க 30 டிகிரியப் போட்டுப் பாத்தேன். கே 0.364. மூணு நாள்ல 66 சதவீதத்துக்கு மேல வருது. அஞ்சு நாளோட 68.3க்கு அது எவ்வளவு பக்கம் பாருங்க. நம்ம 27க்கு அந்தப் பேச்சே இல்லை. உங்க நாட்டுல தாள்ல நாளும் டிகிரியும் போடறாங்க, அதனால சண்டை இல்லை. இங்க வாத்தியார் போட வேண்டாம்னு சொல்றாரு.

பசுமைத்_தோழன்:
இது எல்லாத்துக்கும் மூலம் காலனியம். அந்த ஐந்து நாளே பிரிட்டன் ராயல் கமிஷன் 1912இல் கொடுத்த எட்டாவது அறிக்கையில் வந்தது. அவர்கள் ஊர் ஆறுகளில் தண்ணீர் கடலுக்குப் போக ஐந்து நாளுக்கு மேல் ஆகாது என்று பாடப்புத்தகங்களே காரணம் சொல்கின்றன. காவிரிக்கும் கங்கைக்கும் அது எப்படிப் பொருந்தும்? 20 டிகிரி நம் ஊரில் எந்த ஆற்றில் இருக்கிறது? மூன்று நாள் முறைதான் நம் மண்ணின் முறை. இன்னொன்று, எல்லோரும் "பிஓடி" என்றே எழுதுகிறீர்கள். உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்று தமிழில் எழுத என்ன தயக்கம்?

ஆய்வக_மீனா:
அறிக்கையில 20 டிகிரி இல்லைங்க, 65 பாரன்ஹீட். 18.3 வரும். 20 பின்னாடி வந்தது. தமிழ்ல எழுதுங்க, வேணாம்னு சொல்லல. எங்க பாட்டில்ல ஒட்டற லேபிள்ல அவ்வளவு இடம் கிடையாது.

பசுமைத்_தோழன்:
லேபிளைப் பெரிதாக அடியுங்கள். மொழியைச் சிறிதாக்காதீர்கள்.

நொய்யல்காரன்:
தோழரே, மண்ணு, மொழி எல்லாம் அப்புறம். 27 நம்ம ஊருக்கு ஏத்தது, ஒத்துக்கறேன். ஏப்ரல் மாசம் கரண்டு போனா 20 டிகிரி இன்குபேட்டர் என்ன கதி ஆகும்னு எனக்குத் தெரியும். நான் மூணு நாளுக்கு எதிரி இல்லைங்க. ஒண்ணுன்னு சொல்றதுக்குத்தான் எதிரி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே ஆத்துத் தண்ணிய ஏ, பி, சின்னு வகை பிரிக்கறப்ப அஞ்சு நாள், 20 டிகிரின்னு எழுதியிருக்கு. குளிக்கற தண்ணித் தரத்துக்கு மூணு நாள், 27 டிகிரி. ரெண்டுலயும் 3 மி.கி.ங்கற நம்பர் வருது. நாளை விட்டுட்டு 3ன்னு மட்டும் படிச்சிட்டு வர்ற பையன் ரெண்டு 3ஐயும் ஒண்ணுன்னுதான் நினைப்பான். அப்படி நினைச்ச ஒருத்தன் எங்க லேப்புக்கு வேலைக்கு வந்தான். ரெண்டு அறிக்கைய ஒரே கிராப்புல போட்டு, ஆறு நல்லாயிடுச்சுன்னு காட்டினான். ஆறு நல்லாகலைங்க. நாளுதான் மாறியிருந்துச்சு.

ஒரத்துப்பாளையம்_வாசி:
நொய்யல்காரரே, ஒரு வார்த்தை. மூணு நாளு அஞ்சு நாளுன்னு பேசறீங்க. நொய்யல் ஆத்துல இருக்கற எங்க அணையில தேங்கின தண்ணியில பிஓடியா எங்க கெணத்தக் கெடுத்துச்சு? உப்புங்க, உப்பு. சாயம் ஏத்தக் கொட்டின உப்பு. டிடிஎஸ், அதான் கரைஞ்ச உப்போட அளவு, அதுக்கு வரம்பு 2100ன்னு தாள்ல இருந்துச்சு, எங்க தென்னை மட்டை கருகிட்டு இருந்துச்சு. 2006ல கோர்ட்டு ஒரு சொட்டு வெளிய விடக்கூடாதுன்னு சொல்லி, 2011 ஜனவரியில பட்டறைகள மூடச் சொல்ற வரைக்கும் லேப்புல இருந்தவங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க? உங்க பிஓடி அப்ப எத்தனை வந்துச்சு?

நொய்யல்காரன்:
வரம்புக்குள்ளதான் வந்துச்சுங்க. அதுதான் எனக்கு இன்னிக்கும் உறுத்தறது. டிடிஎஸ் தாள நான்தான் எழுதினேன், 2100க்கு மேலதான் எழுதினேன். அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்லை. நீங்க கேக்கறது நியாயம். ஆனா அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீங்க, இங்க கேள்வி பிஓடி.

ஒரத்துப்பாளையம்_வாசி:
எங்களுக்கு அது ஒரே முடிச்சுங்க.

சிவில்_வாத்தியார்:
பாருங்கள், கடைசியில் இவர் வேலை பார்த்த இடத்திலேயே இவருடைய நம்பர் உதவவில்லை. இவர் வந்து பாடத்திட்டத்தைத் திருத்துகிறார். நான் சொன்னதில் மாற்றம் இல்லை. பொறியியல் நோக்கில் இரண்டும் ஒன்றுதான். இதற்கு மேல் பதில் எழுத நேரமில்லை.

நொய்யல்காரன்:
நேரமில்லைன்னா விடைத்தாள் திருத்தறப்ப எப்படி நேரம் வருதுங்க? 61.4ம் 68.3ம் ஒண்ணா? 27.1ம் 31.5ம் ஒண்ணா? இதுக்கு மட்டும் பதில் எழுதுங்க. நான் எழுதின கணக்குல எந்த வரி தப்புன்னு காட்டுங்க. காட்டினா இந்த இழையில இருந்து போயிடறேன்.

சிவில்_வாத்தியார்:
நீங்கள் போவதற்காக நான் கணக்குப் போட வேண்டியதில்லை.

கேட்_பயணி:
சார், அண்ணா, நாளைக்குக் காலையில பரீட்சை. "பிஓடி வரையறு"ன்னு ரெண்டு மார்க் கேள்வி வந்தா எத்தனை நாள்னு எழுதட்டும்?

சிவில்_வாத்தியார்:
ஐந்து என்று எழுதுங்கள். திருத்துபவர் பழைய ஆளாக இருந்தால் பாதுகாப்பு.

நொய்யல்காரன்:
மூணு நாள், 27 டிகிரி, ஐஎஸ் 3025 பகுதி 44ன்னு முழுசா எழுது தம்பி. நாளும் டிகிரியும் சேத்து எழுது. வெட்டினாங்கன்னா எனக்குச் சொல்லு.

ஆய்வக_மீனா:
ரெண்டையும் எழுதி, வேறன்னு ஒரு வரி சேத்துக்கோப்பா. அண்ணா, இந்தச் சண்டையில எங்க பிள்ளைங்க வெள்ளைய பாக்காத விஷயத்தை ஒருத்தரும் கண்டுக்கல.

பசுமைத்_தோழன்:
தமிழில் எழுதினால் இன்னும் நல்லது.