குடும்பக் குழு: சைமன் டி மான்ட்ஃபோர்ட் கொடிவழி

கயல்: மாமா, சித்தி, சைமன் டி மான்ட்ஃபோர்ட் சார்ட் அனுப்பியிருக்கேன். 1264-ல லூயிஸ் போர்ல இங்கிலாந்து ராஜா மூணாம் ஹென்றியைச் சிறைபிடிச்சவர். தப்பு இருந்தா சொல்லுங்க.

சுந்தரம் மாமா: அப்பா, தாத்தா எல்லார் பேரும் சைமன். நீ போட்டிருக்கிற மூணு, நாலுங்கிற எண்ணை மொதல்ல எடு. பழைய கொடிவழிகள்ல ரெண்டு சைமனை ஒரே ஆளாக்கிட்டாங்க, அதான் புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறுது. செத்த இடமும் வருஷமும் போடு. அப்பாவுக்கு 'துலூஸ் 1218', இவருக்கு 'ஈவ்ஷாம் 1265'.

கயல்: லெஸ்டர் ஏர்ல்ங்கிற பிரபுப் பட்டம் அப்பா வழியா?

விஜயா சித்தி: இல்லடி, அப்பத்தா வழி. அப்பத்தா அமீசியாவோட கூடப்பிறந்த ராபர்ட் 1204-ல பிள்ளையில்லாம செத்தார். சொத்து ரெண்டு சகோதரிகளுக்குப் பாதிப் பாதி. லெஸ்டர் பட்டம் அமீசியா பக்கம். மார்கரெட்டோட புருஷன் சேயர் டி குவின்சி வின்செஸ்டர் ஏர்ல் ஆனார்.

சுந்தரம் மாமா: அண்ணன் அமோரி எங்க? அவர் பிரெஞ்சு சொத்தை வச்சுக்கிட்டு இங்கிலாந்து உரிமையைத் தம்பிக்கு விட்டதாலதான் 1239-ல இவர் முறைப்படி ஏர்ல்.

விஜயா சித்தி: மனைவி எலினார் ஹென்றியோட சொந்தத் தங்கச்சி, 1238 ஜனவரி 7-ல கல்யாணம். ராஜாவை எதிர்த்தது ராஜாவோட மாப்பிள்ளையேதான் 😄 மொதல் புருஷன் வில்லியம் மார்ஷல் மூலமா அவளுக்குப் பிள்ளை கிடையாது, அந்தக் கட்டத்துக்குக் கீழ கோடு இழுக்காத.

கயல்: பீட்டர் டி மான்ட்ஃபோர்ட்டும் ஈவ்ஷாம்லதானே செத்தார்? தம்பின்னு போட்டுட்டேன்.

சுந்தரம் மாமா: அழிச்சுடு. அவர் வார்விக்ஷயர்க்காரர், வேற குடும்பம். இவங்க பூர்வீகம் பாரிஸுக்கு மேற்கே. பேர் ஒண்ணா இருக்குன்னு ஒட்டுறதுதான் நிறைய சார்ட்டைக் கெடுக்குது.

விஜயா சித்தி: சைமனோட மூத்த மகன் ஹென்றி அப்பாவோடயே செத்தான். இன்னொரு மகன், பெரியப்பா பேரையே வச்ச அமோரி, பாதிரி. மக எலினார் வேல்ஸ் இளவரசர் லிவெலினைக் கட்டி 1282-ல பிரசவத்துல போயிட்டா. அந்தக் குழந்தை க்வென்லியனை செம்ப்ரிங்கம் மடத்துல வச்சுட்டாங்க, 1337-ல அங்கேயே முடிஞ்சது. அந்தக் கிளை அவ்வளவுதான்.

சுந்தரம் மாமா: சைமனோட இன்னொரு மகன் கீ-யை விட்டுடாத. 1271 மார்ச் 13, இத்தாலி விட்டர்போ கோயில்ல தாய்மாமன் மகன் ஹென்றியைக் கொன்னவன். மார்ச் 25-ல வருஷம் பிறக்கிற பழைய கணக்குல அது 1270-ன்னு இருக்கும். ரெண்டு கொலைன்னு பதிஞ்சுடாத.

கயல்: அவனோட வம்சமும் நின்னுடுச்சா? என் சார்ட்ல கீழ ஒண்ணுமில்ல.

விஜயா சித்தி: மக அனஸ்தாசியா இருக்காளே! ரோமானோ ஒர்சினியைக் கட்டினா. அவங்க மகன் ரோபர்ட்டோ, அவர் மகன் நிக்கோலா, அவர் மக சுவேவா, அவ மக மார்கரீட்டா, அவ மக ஜாக்கெட்டா, அவ மக எலிசபெத் உட்வில். 1464-ல இங்கிலாந்து ராஜா நாலாம் எட்வர்டைக் கட்டினவளேதான்.

கயல்: எட்டாம் ஹென்றியோட பாட்டி!! 😲

சுந்தரம் மாமா: ஆமா, அம்மாவைப் பெத்தவ. மென்பொருள்ல 'ஆண் வழி மட்டும்'னு டிக் போட்டு வச்சிருப்ப. அதை எடுத்துட்டு மறுபடி சார்ட் எடு.