பேடிங் 32-லிருந்து 64 ஆனது: இது உடைப்பா, இல்லையா?

பைட்காவலன்:
ஜேசன் தரவை வேகமா படிக்கற சி++ லைப்ரரியான சிம்ட்ஜேசன் பத்தி சுட்டிக்காரன் பக்கத்து இழையில் எழுதியிருக்கார்: "சிம்ட்ஜேசனுக்குப் புது வெர்ஷன் போடணும்னா ஹெடரை மாத்தி மறுபடி கம்பைல் பண்ணினா போதும், கோடில் கை வைக்கவே வேண்டாம்." இதை நம்பி எத்தனை பேர் மாட்டிக்கப் போறாங்களோ! ஜேசன் முடிஞ்ச இடத்துக்கு அப்புறமும் வாசிக்கக்கூடிய பைட்டுகள் இருக்கணும்னு இந்த லைப்ரரி கேட்கும், அதுதான் பேடிங். முன்னாடி அது 32. இப்போ 64. கோடில் 32-னு எண்ணையே எழுதி வெச்சிருந்தா, கம்பைல் சத்தமில்லாம ஆகும். ஓடும்போது 'பேடிங் போதவில்லை'ங்கிற பிழை திரும்பி வரும். பழைய கோடு புது வெர்ஷனில் ஓடாம போகுது, அதனால இது உடைப்பு.

சுட்டிக்காரன்:
அந்த எண்ணுக்குன்னு ஹெடரில் ஒரு மாறிலி இருக்கு. அதைப் பயன்படுத்தாம 32-னு கையால எழுதினது யார் தப்பு? மாறிலியைப் போட்டவங்களுக்கு எதுவும் உடையலை. நான் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாறாது.

பைட்காவலன்:
மாறிலியைப் போட்டாலும் உடையும், பாருங்க. 8,140 பைட் கோப்பு ஒண்ணை எம்மேப் பண்றீங்க, அதாவது நகல் எடுக்காம நேரா நினைவகத்தில் பொருத்தறீங்க. நினைவகப் பக்கம் ஒண்ணு 4,096 பைட், ரெண்டு பக்கம் சேர்ந்தா 8,192. மிச்சம் 52. முன்னாடி மாறிலி 32, 52 தாராளம். இப்போ மாறிலி 64, 12 பைட் குறையுது. கோடில் ஒரு எழுத்து மாறலை, தரவும் மாறலை. ஆனா நேத்து ஓடினது இன்னைக்கு ஓடாது. 64. அறுபத்து நாலு.

நிரல்மொழி:
எம்மேப்பை ஏன் இழுக்கறீங்க? பேடிங் உள்ள ஸ்டிரிங் வகையில் கோப்பை ஏத்தினா அதுவே இடம் ஒதுக்கிக்கும். ஜேசன் முழுசையும் ஒரே தடவையில் படிச்சு வைக்கற டாம் முறையில் சாதாரண பஃபரைக் கொடுத்தா, அதுவே பேடிங்கோட நகல் எடுத்துக்கும். கேட்கற மதிப்பை மட்டும் அப்பப்போ படிக்கற ஆன்-டிமாண்டில்தான் நாம பொறுப்பு.

பைட்காவலன்:
நகல் எடுக்கறது இலவசமா? நகல் வேண்டாம்னுதானே ஆன்-டிமாண்டுக்குப் போறோம்! நகல் எடுக்காம நம்ம பஃபரையே காட்டி, கொள்ளளவை நாமே சொல்லிக் கொடுக்கற வியூவில்தான் இந்த 64 கழுத்தைப் பிடிக்குது. அதைத்தான் முதல் பதிவிலிருந்தே சொல்றேன்.

சுட்டிக்காரன்:
64 ஏன் வந்ததுன்னு தெரியுமா? ஒரே கட்டளையில் பல பைட்டைக் கையாளற சிப் வசதிகளில் ஏவிஎக்ஸ்2 பதிவகம் 32 பைட், ஏவிஎக்ஸ்-512 பதிவகம் 64 பைட். 2022-ல் 2.0 வந்தப்போ ஏவிஎக்ஸ்-512 சிப்புக்குன்னே எழுதின உள் கோடான ஐஸ்லேக் கெர்னலும் சேர்ந்தது. ஒரே மூச்சில் 64 பைட் அள்ளற இடத்தில் 32 விட்டுவெச்சா வெளியேதான் போய் விழும். காரணத்தோட செய்த மாற்றத்தை உடைப்புன்னு சொல்றது அறிவீனம்.

பைட்காவலன்:
காரணம் இருந்தா உடையாதா? சுவரை இடிக்கக் காரணம் இருக்கலாம், இடிஞ்சது இடிஞ்சதுதான். போன மாசம் யூடிஎஃப்-8 எழுத்துக்குறியீடு பத்தின இழையிலும் இதே வேலையைத்தான் செஞ்சீங்க. கேள்வி ஒண்ணு, பதில் வேறொண்ணு.

சுட்டிக்காரன்:
அந்த இழையில் தோத்தது யாருன்னு படிச்சவங்களுக்குத் தெரியும். ஆன்-டிமாண்ட் தொடாத மதிப்புகளை முழுசா சரிபார்க்காது, ஆனா யூடிஎஃப்-8 சோதனை முதல் கட்டத்திலேயே உள்ளீடு முழுசுக்கும் நடந்துடும். நான் சொன்னது அதுதான். நீங்க ரெண்டையும் குழப்பினீங்க.

நிரல்மொழி:
இதைவிட அதிகம் பேர் விழற குழி வேற. ஒரு பொருளில் முதல்ல 'விலை', அப்புறம் 'பெயர்' இருக்குன்னு வைங்க. பெயரை எடுத்துட்டு விலையைக் கேட்டா, ஃபைண்ட்_ஃபீல்ட் நின்ன இடத்திலிருந்து மேற்கொண்டு மட்டுமே போகும், 'அப்படி ஒரு புலம் இல்லை'ன்னு கைவிரிக்கும். சதுர அடைப்புக்குறி [] போட்டுக் கேட்டா சுத்தி வந்து எடுத்துக் கொடுக்கும். புலங்களை வரிசைப்படி கேட்டா ரெண்டுமே வேகம்.

பைட்காவலன்:
அது இந்த இழைக்குச் சம்பந்தமில்லை. இங்கே பேச்சு 64 பத்தி.

பகிர்வுநூலகன்:
பைட்காவலன் சொல்லாம விட்ட மோசமான நிலை ஒண்ணு இருக்கு. மாறிலி ஹெடரில் இருக்கறதால அதோட மதிப்பு செயலியின் பைனரிக்குள்ளேயே பதிஞ்சுடும். செயலியைப் பழைய ஹெடரோட கம்பைல் பண்ணிட்டு, பகிரப்பட்ட நூலகத்தை மட்டும் புதுசா மாத்தினா, செயலி 32 ஒதுக்கும், உள்ளே கெர்னல் 64-ஐ எதிர்பார்க்கும். பிழைக்குறிகூட வராது. அடுத்த பக்கம் மேப் ஆகியிருந்தா ஓடும், இல்லேன்னா விழும்.

சுட்டிக்காரன்:
நூலகக் கோப்பில் பதிஞ்ச வெர்ஷன் பெயரான எஸ்ஓ-பெயர் மாறினா பழைய பைனரி புதுசோட ஏறவே ஏறாது. அதுக்குத்தானே அது இருக்கு.

பகிர்வுநூலகன்:
வேற கோப்பைக் காட்டற குறுக்குவழியான சிம்லிங்க்கைக் கையால மாத்தி வைக்கறவங்களை எஸ்ஓ-பெயர் என்ன செய்யும்?

சுட்டிக்காரன்:
கையால சிம்லிங்க் மாத்தறவங்களுக்காக லைப்ரரி எழுத முடியாது.

பைட்காவலன்:
பார்த்தீங்களா, இப்போ மூணாவது ஆளையும் தப்பு சொல்லியாச்சு. புதுசா மாத்தறவங்க கவனத்துக்கு: கோடில் 32-னு தேடுங்க, கிடைச்ச இடத்திலெல்லாம் மாறிலியைப் போடுங்க. எம்மேப் பண்றீங்கன்னா கோப்பின் அளவை 4,096-ஆல் வகுத்து மீதியைப் பாருங்க. மீதி பூஜ்யமா இருந்தாலும், 4,032-க்கு மேல இருந்தாலும் பேடிங் உள்ள பஃபருக்கு நகல் எடுங்க. அந்தக் கூடுதல் பைட்டுகளைப் பூஜ்யமாக்க வேண்டியதில்லை, வாசிக்க முடிஞ்சா போதும். ஆனா நினைவகப் பிழை தேடற வால்கிரைண்ட் கருவி அங்கே முணுமுணுக்கலாம்.

சுட்டிக்காரன்:
இவ்வளவும் முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாம். 'உடைப்பு'ன்னு கத்தினதுக்கு இப்பவும் ஆதாரம் இல்லை.

பைட்காவலன்:
8,140. 52. 64. மறுபடி படிங்க.