'ஃபேசிங்ஸ்': மடிப்புநிறம் என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நெப்போலியன் காலப் பொம்மை வீரர்களை அடையாளம் காணும் கையேட்டுக்கான சொற்களில் 'ஃபேசிங்ஸ்' இன்னும் தீராமல் நிற்கிறது. இது தீராமல் ஒரு பக்கம்கூட எழுத முடியாது. கோட்டின் கழுத்துப்பட்டி, கைமுனை, மார்பு மடிப்பு, பின்வாலைத் திருப்பித் தைத்த இடம், இத்தனைக்கும் பொதுவாக வரும் தனித் துணியின் நிறம் அது. 54 மி.மீ. உயரப் பொம்மையில் பொத்தானில் உள்ள எண்ணைப் படிக்க வழியில்லை. கழுத்தையும் கையையும் பார்த்துத்தான் ஆளை முடிவுசெய்கிறோம்.

'முகப்பு' வேண்டாம். அது கட்டடத்துக்குப் போய்விட்ட சொல்.

'படைநிறம்' என்ற பரிந்துரைக்கு ஆதரவு அதிகம். பிரிட்டிஷ் காலாட்படையை மட்டும் வைத்துப் பார்த்தால் அது சரிதான்: 28ஆம் பிரிவுக்கு (ரெஜிமென்ட்) மஞ்சள், 69ஆம் பிரிவுக்குப் பச்சை. ஆனால் பிரெஞ்சு வரிசைக் காலாட்படைக்கு வந்தால் சொல் உடைந்துவிடுகிறது. நீலக் கோட்டு, வெள்ளை மார்பு மடிப்பு, சிவப்புக் கழுத்துப்பட்டி, சிவப்புக் கைமுனை என்று எல்லாப் பிரிவுக்கும் ஒரே அமைப்பு. 1806இல் வெள்ளைக் கோட்டுக்கு மாற முயன்றபோது பிரிவுகளை நிறத்தால் பிரித்தார்கள். அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். பிரஷ்யாவில் 1808க்குப் பிறகு இந்த நிறம் மாகாணத்தைச் சொல்லும்: கிழக்குப் பிரஷ்யாவுக்குச் செங்கல் சிவப்பு, பொமரேனியாவுக்கு வெள்ளை, சைலீசியாவுக்கு மஞ்சள். பிரிவை அறியத் தோள்பட்டியைப் பார்க்க வேண்டும். ஆக, நிறம் என்ன வேலை செய்கிறது என்பதை வைத்துப் பெயரிட்டால் நாட்டுக்கு நாடு பொருள் மாறும்.

'எடுப்புநிறம்' எனக்கு மிகவும் பிடித்த சொல். காதுக்கு நன்றாக இருக்கிறது, யாருக்கும் உடனே புரியும். அதையும் 33ஆம் பிரிவு கெடுத்துவிடுகிறது. பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் முன்பு தலைமை தாங்கிய படை அது. சிவப்புக் கோட்டுக்குச் சிவப்பே ஃபேசிங்ஸ். எடுப்பாகத் தெரியாத ஒன்றை எடுப்புநிறம் என்று எப்படி எழுதுவது?

அதனால் 'மடிப்புநிறம்' என்று முன்மொழிகிறேன். கோட்டின் உள்துணியை வெளியே மடித்துவிட்டதில்தான் இந்த வழக்கமே தொடங்கியது. நிமிர்ந்து நிற்கும் கழுத்துப்பட்டி மடிப்பு ஆகாதே என்று கேட்கலாம். ஆகாதுதான். ஆனால் பிறப்பிடத்தை வைத்து வந்த பெயர் பின்னால் வந்த வடிவத்துக்கும் நீள்வது மொழியில் இயல்பு. இன்னொரு வசதி, கைமடிப்பு, மார்மடிப்பு, வால்மடிப்பு என்று குடும்பமே கிடைக்கிறது.

பதிவில் இப்படி வரும்: "சிவப்புக் கோட்டு, மடிப்புநிறம் மஞ்சள், பழைய குழாய் வடிவ ஷாக்கோ." ஷாக்கோ என்பது வீரர்கள் அணிந்த உயரமான தொப்பி. வாட்டர்லூ போரைக் காட்டும் பொம்மை என்றால் 28ஆம் பிரிவாகத்தான் இருக்க வேண்டும் என்று பழகியவர் சொல்லிவிடுவார். 44ஆம் பிரிவுக்கும் மஞ்சள்தான், ஆனால் அவர்கள் அப்போது முன்பக்கம் உயர்ந்த புதிய ஷாக்கோவுக்கு மாறியிருந்தார்கள். ஷாக்கோவை அப்படியே வைத்துக்கொள்வோம், அதற்குத் தமிழ் தேட வேண்டாம்.

பழைய ஈயப் பொம்மைகளில் ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். பச்சைக் கோட்டு ரைஃபிள் வீரர்களில் 95ஆம் பிரிவின் மடிப்புநிறம் கறுப்பு, 60ஆம் பிரிவின் ஐந்தாம் பட்டாலியனுக்குச் சிவப்பு. சிவப்புப் பூச்சு அழுக்கேறிக் கறுத்துப்போனால் ஒன்று மற்றொன்றாகத் தெரியும். மடிப்புநிறத்தைப் பதியும்போது பூச்சு மூலப்பூச்சா, மறுபூச்சா என்பதையும் பக்கத்திலேயே எழுதுவதை விதியாக்கலாம்.

அப்புறம், விளிம்பில் ஓடும் மெல்லிய நிறக்கோடான 'பைப்பிங்' பாக்கி இருக்கிறது. வேட்டிக்கரை போல ஒடுங்கி ஓடுவதால் 'கரை' போதும் என்பது என் எண்ணம். மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.