பார்சிலோனா மாந்தா வியாபாரிகள்: பார்த்ததை எழுதுங்கள்

கடலோரக்காரன்
ஜுவான் தெ போர்போ சாலை, சாயங்காலம். போலீஸ் வேன் தலை காட்டியதும் கோடியிலிருந்து ஒரு விசில். அனுமதியில்லாமல் நடைபாதையில் சரக்கு பரப்பி விற்பவர்கள் விரித்திருந்த துணியெல்லாம் (அதுதான் ‘மாந்தா’) மூட்டையாகி முதுகில் ஏறிவிட்டது, ஒருவருடையது தவிர. மூலைக்கு ஒன்றாகக் கட்டிய நாலு கயிற்றில் ஒன்று நழுவி, அந்த மூலை வழியாகக் கூலிங் கிளாஸ் கொட்டுகிறது. பக்கத்து வியாபாரி தன் மூட்டையோடு குனிந்து, அந்தக் கயிற்றை எடுத்து அவர் கையில் திணித்துவிட்டுத்தான் ஓடினார். அந்தக் குனிவு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

முடிச்சு
நழுவினதுக்குப் பதற்றம் காரணமில்லை, கயிற்று அளவு. நாலும் ஒரே நீளம் என்று பலர் நினைக்கிறாங்க, தப்பு. வியாபாரி நிற்பது துணியின் ஒரு ஓரத்து நடுவில். 2 மீட்டர் சதுரத் துணி, கை தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் என்றால், காலடி மூலைகளுக்குச் சுமார் 1.4 மீட்டர், எதிர்மூலைகளுக்கு 2.5 மீட்டர் வேணும். எதிர்ஜோடியில் ஒன்று கொஞ்சம் நீண்டாலும் இழுக்கும்போது அந்த மூலை தொங்கி வாய் திறக்கும். துணியில் வெறும் ஓட்டை போட்டுக் கட்டினால் சீக்கிரம் கிழியும்; மூலையை மடித்துத் தைத்து அதில் வளையம் போடணும். கனமான பை நடுவில், கண்ணாடி அதைச் சுற்றி. மாத்தி வைத்தால் நசுங்கும்.

ரத்னா அக்கா
கயிற்றுக் கணக்கு சரி தம்பி. ஆனா அவை ஓடுறதை மட்டும் கதைச்சால் காணாது. 2015இலை தங்களுக்கெண்டு சங்கம் தொடங்கினவை. பெரும்பாலும் செனகல் பெடியள். 2017இலை ‘டாப் மாந்தா’ எண்டு சொந்த பிராண்ட். லோகோவிலை விரிப்பும் இருக்கு, கடலிலை வந்த படகும் இருக்கு. 2020இலை தெரு வெறிச்சோட, தையல் மெசினிலை மாஸ்க்கும் ஆஸ்பத்திரி அங்கியும் தைச்சுக் குடுத்தவை. 2021இலை ‘ஆந்தே தெம்’ சப்பாத்து. விளம்பரத்திலை நைக்கிக்கு ஒரு குத்து: வாழ்க்கை ‘ஜஸ்ட் டூ இட்’ இல்லையாம்! இதைவிட வடிவான பதில் வேறை என்ன?

சட்டைப்பை
அக்கா, பதில் அழகுதான். ஆனால் டி-சர்ட் வாங்கினால் ஒருவருக்கும் பேப்பர் (வதிவிட அனுமதி) கிடைக்காது. பொறி வேறு இடத்தில் இருக்கிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு ஸ்பெயின் தண்டனைச் சட்டம் 274.3இன்படி போலி பிராண்ட் பொருளைத் தெருவில் விற்றால் 6 மாதம் முதல் 2 ஆண்டு சிறை. லாபம் சொற்பம் என்று நீதிபதி கருதினால் 1 முதல் 6 மாதத்துக்கு நாள் கணக்கில் கட்டும் அபராதமோ, 31 முதல் 60 நாள் சமூக வேலையோ. எதுவானாலும் குற்றப் பதிவு ஒட்டிக்கொள்ளும். பதிவு இருந்தால் ‘அர்ராய்கோ’ (பேப்பர் இல்லாமல் சில ஆண்டு தங்கியவர்கள் அனுமதி கேட்கும் வழி) வழியாக வதிவிட அனுமதி கிடைப்பது மிகக் கடினம். அனுமதி இல்லாவிட்டால் வேலை இல்லை, திரும்பவும் தெருதான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். வந்து இறங்கியதுமே நகராட்சியில் முகவரிப் பதிவு (பாத்ரோன்) செய்ய வேண்டும். எத்தனை நாள் தங்கினார் என்பதற்கு அதுதான் வலுவான சான்று. 2025 மே 20 முதல் அர்ராய்கோவுக்கு 3 ஆண்டுக்குப் பதில் 2 ஆண்டு தங்கியிருந்தால் போதும். வேலை வழி அர்ராய்கோவுக்கு வாரம் 20 மணி நேர ஒப்பந்தம் போதும். இடையில் முகவரி மாறினால் உடனே பதிவையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நகராட்சி பெயரை நீக்கி, நடுவில் ஓட்டை விழும். குற்றப் பதிவு நிரந்தரம் இல்லை. தண்டனை முடிந்தபின் புதுக் குற்றம் இல்லாவிட்டால், லேசான தண்டனைக்கு 6 மாதம், 12 மாதத்துக்கு மிகாத சிறைக்கு 2 ஆண்டு கழித்து நீக்கலாம். அது தானாக நீங்கும் என்று காத்திராமல் நீதி அமைச்சகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பலருடைய மனு தள்ளுபடியாவது இங்கேதான்.

ரத்னா அக்கா
டி-சர்ட்டாலை பேப்பர் வருமெண்டு நான் எங்கை சொன்னனான்? ஒப்பந்தம் குடுக்க ஒரு முதலாளி வேணுமெல்லோ. கடையும் தையல் பட்டறையும் தங்கடையா இருந்தால் அந்த ஒப்பந்தத்தை அங்கையே எழுதலாம். வித்தால்தானே சம்பளம்?

மெஷ் 43
ஆதரவுக்கு என்று நாமே டி-சர்ட்டில் ஸ்கிரீன் பிரிண்ட் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் லோகோவைக் கேட்காமல் எடுக்காதீங்க. போலிச் சரக்கு வழக்கு வாங்கியவர்களின் பிராண்டுக்கே போலி அடித்த மாதிரி ஆகும். துணிக்குச் சென்டிமீட்டருக்கு 43 இழை மெஷ் (இங்க் இறங்கும் வலை) போதும். தண்ணீர் இங்க் வெயிலில் மெஷ்ஷிலேயே காய்ந்து அடைக்கும், நிழலில் அடிங்க. கறுப்புத் துணியில் முதலில் வெள்ளை, அது தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்தபின் நிறம். பிளாஸ்டிசால் (சூட்டில் மட்டுமே இறுகும் பிளாஸ்டிக் இங்க்) என்றால் இங்க் முழுக்க 160 டிகிரி ஏறணும். மேலாகச் சூடானால் பார்க்க நன்றாக இருக்கும், துவைத்தால் உரியும். ஒன்றைத் துவைத்துப் பார்த்துவிட்டு மீதியை அடிங்க.