எண்ணெய் வெளியே வருவதற்கு முன்பு

காக்கிநாடாவுக்கு அப்பால் ஆழ்கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பலில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். 28 நாள் கடலில், 28 நாள் வீட்டில் என்பது எங்கள் முறை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோது, நான் விடுப்பில் எர்ணாவூரில் இருந்தேன்.

முதலில் எண்ணெய்க் கசிவே இல்லை என்றார்கள். அதன் பிறகு கரையில் ஒதுங்கியதை உறிஞ்சக் குழாய்களோடு வண்டிகள் வந்தன. மணலும் தண்ணீரும் கலந்து களிபோல இறுகிய அந்த எண்ணெயைக் குழாயால் இழுக்க முடியவில்லை. கடைசியில் வாளிதான். பாறைகளுக்கு இடையே குனிந்து அள்ளுகிறவர்களிடமிருந்து வாளியை வாங்கிக் கைமாற்றும் வரிசையில் நானும் நின்றேன். தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் ஏறிய கறுப்பு பல நாள் போகவில்லை. குப்பத்தில் மீன் வாங்க ஆள் வரவில்லை.

அப்போது சித்தப்பா கேட்டார்: "கப்பல்ல இருந்து ஊத்துனதே இந்தக் கதின்னா, நீ வேலை பாக்குற கெணறு வாயத் தொறந்தா என்னடா ஆவும்?"

என்ன ஆகும் என்பதை மெக்சிகோ வளைகுடா காட்டிவிட்டது. 2010 ஏப்ரல் 20 இரவு, ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்த மக்கோண்டோ கிணறு சீறியது; அதைத் தோண்டிய டீப்வாட்டர் ஹொரைசன் மேடையில் 11 பேர் இறந்தார்கள். கிணற்றை மூட 87 நாட்கள் ஆயின. கடற்படுகையில் இருந்த பி.ஓ.பி. என்னும் தடுப்புக் கருவியின் கத்திகளால், உள்ளே வளைந்து நின்ற குழாயை வெட்டி அடைக்க முடியவில்லை. ஆனால் அதற்குச் சில மணி நேரம் முன்பே கிணறு எச்சரித்திருந்தது. கிணற்றுக்குள் இட்ட சிமெண்ட் அடைப்பு தாங்குகிறதா என்று, உள்ளே அழுத்தத்தை இறக்கிச் சோதித்தபோது, டிரில் பைப் என்னும் துளையிடும் குழாயில் 1,400 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 1,400 பவுண்டு) அழுத்தம் நின்றது. அடைப்பு தாங்கியிருந்தால் அது பூஜ்யமாக இருந்திருக்க வேண்டும். வேறொரு குழாயில் ஒழுக்கு இல்லாததைக் காட்டி, அந்த அழுத்தத்துக்கு ஏதோ விளக்கம் சொல்லி, சோதனை தேறியதாக முடிவு செய்தார்கள்.

அந்த இடத்தில் ஒரு மனிதன் எவ்வளவு எளிதாகத் தவறுவான் என்பதை நான் அறிவேன். எங்கள் கப்பலில் அதே சோதனை நடந்த ஓர் இரவு, கிணற்றிலிருந்து திரும்பி வருவதை அளக்கும் தொட்டியில் நீர்மட்டம் நின்றிருக்க வேண்டிய நேரத்துக்குப் பிறகும் விரற்கடை அளவு ஏறிக்கொண்டே இருந்தது. கப்பல் ஆடுவதால் அப்படித் தெரிகிறது என்றார் ஒருவர்; எனக்கும் அதை நம்பவே ஆசையாக இருந்தது, ஏனென்றால் கப்பலின் ஒரு நாள் வாடகை கோடிகளில் போகிறது, எல்லோரும் களைத்திருந்தோம். துளையிடும் வேலையை இயக்கும் எங்கள் டிரில்லர் மட்டும் ஒப்பவில்லை; வால்வை மூடச் சொல்லிவிட்டு, முதலிலிருந்து மறுபடி சோதிக்க வைத்தார். ஆறு மணி நேரம் போனது. மேலே ஒரு வால்வு சரியாக மூடாததுதான் காரணம் என்று தெரிந்தது. கிணற்றில் குறை இல்லை. அந்த ஆறு மணி நேரத்துக்காக அவரை யாரும் கடிந்துகொள்ளாததை நான் பெரிதாக நினைக்கிறேன்.

அப்படி ஒருவர் நின்று மறுப்பதை அவரவர் மனத்துணிவுக்கு விட்டுவிட முடியாது, சட்டம் அவருக்குத் துணை நிற்க வேண்டும். அமெரிக்காவில் எண்ணெய் உரிமத்தொகையை வசூலித்த அமைப்பே பாதுகாப்பையும் கண்காணித்து வந்தது; விபத்துக்குப் பிறகுதான் அதை மூன்றாகப் பிரித்து, பாதுகாப்புக்குத் தனி அமைப்பு வைத்தார்கள். நம் நாட்டில் கடல் துரப்பணப் பாதுகாப்புக்கு 2008ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அவற்றைச் செயல்படுத்தும் இயக்ககமோ, உற்பத்தியைப் பெருக்க வேண்டிய அதே பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ்தான் இன்றும் இருக்கிறது. இதை மாற்றுவதுதான் முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 ஜனவரியில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைத் திருத்தி, எண்ணெய் இருக்கிறதா என்று தேடும் ஆய்வுக் கிணறுகளை பி-2 என்னும் பிரிவுக்கு மாற்றினார்கள். அதனால் அவற்றைத் தோண்டுமுன் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டியதில்லை. மக்கோண்டோவும் ஓர் ஆய்வுக் கிணறுதான். சித்தப்பா என்னிடம் கேட்ட கேள்வியை, கன்னியாகுமரிக்கு அப்பால் ஆழ்கடல் தொகுதிகளை ஏலம் விட்ட பிறகும், அதிகாரிகளின் முன்னால் நின்று கேட்க அங்குள்ள மீனவருக்கு ஒரு கூட்டம்கூட இல்லை.