பிசகா, வழுவா, மீறலா? ஓட்டுநர் நடத்தைப் படிவத்துக்கு நான்கு சொற்கள்

ஊட்டி (உளவியல்):

குழுவினருக்கு வணக்கம். மலைப்பாதை ஓட்டுநர் பயிற்சிக்கான படிவத்தைத் தமிழாக்கும்போது நான்கு சொற்களில் சிக்கி நிற்கிறது: ஸ்லிப், லாப்ஸ், மிஸ்டேக், வயலேஷன். நான்கையும் ‘தவறு’ என்று போட்டுவிட்டால் படிவத்தையே தூக்கிப் போட்டுவிடலாம்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசனும் அவருடன் இருந்தவர்களும் 1990-ல் வெளியிட்ட ஓட்டுநர் நடத்தை வினாநிரல் இந்தப் பகுப்பை வைத்துத்தான் எழுந்தது. மொத்தம் 50 கேள்விகள். ‘இது உங்களுக்கு எவ்வளவு அடிக்கடி நடக்கிறது?’ என்பதற்கு 0 முதல் 5 வரை எண் போட வேண்டும். முதல் மூன்றும் ஓட்டுநர் நினையாமல் நடப்பவை; கவனம், நினைவு, அறிவு சார்ந்தவை. நான்காவது தெரிந்தே செய்வது. மனப்போக்கையும் பழக்கத்தையும், மற்ற ஓட்டுநர்கள் என்ன நினைப்பார்கள் என்பதையும் சார்ந்தது. வயது ஏற ஏற அது குறைகிறது; பெண்களைவிட ஆண்களிடம் கூடுதல். 1995-ல் அதே குழுவினர் பார்த்தபோது விபத்தோடு ஒட்டி வந்தது நான்காவது மட்டும்தான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-ல் வந்த தொகுப்பாய்வில் நினையாமல் நடப்பவையும் சேர்ந்துகொண்டன. ஆகவே எதையும் ஒதுக்க முடியாது.

என் முன்மொழிவு: செயல்வழு, நினைவுவழு, முடிவுவழு, விதிமீறல்.

குன்னூர் (ஓட்டுநர் பயிற்சி):

> செயல்வழு, நினைவுவழு, முடிவுவழு

அம்மா, இந்த மூன்றையும் வகுப்பில் சொன்னால் எழுதிக்கொள்வார்கள். மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் மறந்துவிடுவார்கள். ஓட்டுநர்கள் வாயில் ஏற்கெனவே சொல் இருக்கிறது. ‘கை தவறிருச்சு’, ‘மறந்துட்டேன்’, ‘கணக்கு தப்பிருச்சு’, ‘தெரிஞ்சுதான் ஏறினேன்’. நான்கு வகையும் அப்படியே வந்துவிட்டதே.

முதல் மூன்றுக்கும் மலையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. பெரும்பாலான கார்களில் இண்டிகேட்டர் தண்டு வலப்பக்கம். சில ஐரோப்பிய கார்களில் இடப்பக்கம். வண்டி மாற்றி ஓட்டுபவர் வளைவில் இண்டிகேட்டர் போட நினைப்பார், வைப்பர் ஓடும். எண்ணம் சரி, கை தப்பு. இது முதல் வகை. மூடுபனியில் போட்ட விளக்கை வெயில் வந்தபின் அணைக்காமல் போவது இரண்டாம் வகை.

மூன்றாவதில்தான் உயிர் போகிறது. மசினகுடி நோக்கி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் மட்டும் ஓட்டியவர் மூன்றாவது, நான்காவது கியரில் இறங்குகிறார். வேகத்தை முழுக்கக் காலால் பிடிக்கிறார். பிரேக் பேடு சூடேறி முதலில் நாற்றம் வரும். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 3 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பழைய ஆயிலுக்கு அளவுகோலே 140 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால்தான் பெடல் மெத்தென்று தரைவரை போகிறது, சக்கரம் பிடிப்பதில்லை. இரண்டாவது கியரைப் போட்டு எஞ்சினைப் பிடிக்க விட்டிருந்தால் இத்தனையும் இல்லை. ஆட்டோமேட்டிக் காரில் டி-யிலேயே (வழக்கமாக ஓட்டும் நிலை) இறங்குவதும் இதே கணக்குதான். எல் (தாழ்ந்த கியர்) என்றோ கையால் மாற்றும் முறை என்றோ ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

இனி என் கேள்வி. வண்டியை நியூட்ரலில், அதாவது எந்தக் கியரும் போடாமல், இறக்குவது எந்த வகை?

கோத்தகிரி (தமிழ்):

‘கணக்கு தப்பிருச்சு’ என்பதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் ‘தவறல்’ என்று முடித்தால் சொல் மொட்டையாக நிற்கிறது. நம்மிடம் ‘பிசகு’ இருக்கிறதே! கைப்பிசகு, ஞாபகப்பிசகு, கணக்குப்பிசகு. மூன்றும் புதிதாக ஆக்கியவை அல்ல, பேச்சில் இருப்பவை. மூன்றுக்கும் பொதுச்சொல் பிசகு. தெரிந்தே செய்வது மீறல். ‘பிசகு’ என்ற சொல்லில் நினையாமை இருக்கிறது. ‘தப்பு’ என்றாலே குற்றம் சாட்டுவது போல் ஆகிவிடும், படிவத்தில் உண்மை வராது.

பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதையும் கைப்பிசகிலேயே வைத்துக்கொள்வோம். கால்பிசகு என்று பிரித்தால் சுளுக்கென்று எண்ணித் தைலம் தேடுவார்கள்.

‘வழு’வை விட எனக்கு மனமில்லை, அதற்கு வேறு இடம் வைத்திருக்கிறேன். மீறலிலேயே, விதியை மீறாமல் வேலை நடக்காது என்ற நிலையில் செய்வதை ரீசன் தனியாகப் பிரிக்கிறார். நீளமான பஸ் கொண்டை ஊசியில் திரும்ப எதிர்ப்பக்கத்தையும் எடுத்தே ஆக வேண்டும். இலக்கணத்தில் பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணை வழு. உவப்பால் சொன்னதால் அமைத்துக்கொள்கிறோம், அது வழுவமைதி. பஸ் செய்வதும் சாலை வழுவமைதிதானே?

குன்னூர்:

பிசகு மூன்றும் எனக்குச் சம்மதம். வழுவமைதி அழகான சொல், ஆனால் ஓட்டுநர் கையில் கொடுக்கக் கூடாது, ஐயா. ‘அமைதி’ என்றால் அனுமதி என்று வாங்கிக்கொள்வார்கள். பஸ் அகலம் எடுப்பதற்கும், பின்னால் வரும் கார் அதே சாக்கில் கோட்டைத் தாண்டுவதற்கும் இடையில் மெல்லிய கோடுதான். பஸ் ஹாரன் அடித்து, எதிரில் ஏறி வருவது தெரிந்தால் வளைவுக்கு மேலேயே நின்று வழிவிட வேண்டும். செங்குத்தான சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. ‘இடநெருக்கடி மீறல்’ என்று மீறலிலேயே வையுங்கள்.

ஊட்டி:

நியூட்ரல் கேள்விக்கு வருகிறேன். செயலை வைத்து அதற்குப் பெயர் சொல்ல முடியாது, மனத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். எண்ணெய் மிச்சம், ஆபத்தில்லை என்று நம்பி இறக்கினால் கணக்குப்பிசகு. அந்த நம்பிக்கை பழைய கார்புரேட்டர் வண்டிகளின் காலத்தது. இன்றைய வண்டிகளில் கியரில் விட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் சூடாகிய பிறகு எரிபொருள் நின்றுவிடுகிறது, நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு எரிகிறது. இதைச் சொல்லிக் கொடுத்தால் அவர் மாறுவார். ஆபத்து தெரிந்தும் ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்று இறக்குபவர் மீறுகிறார். அவருக்கு எண்ணெய்க் கணக்குச் சொல்லிப் பயனில்லை. சாவியையும் அணைத்துவிடுபவரை எங்கே வைப்பது? இரண்டு மூன்று மிதிக்கு மேல், காலுக்கு உதவும் பிரேக் பூஸ்டரில் வெற்றிடம் இருக்காது, ஸ்டீயரிங் கல்லாகும், சாவியை உருவினால் பூட்டிக்கொள்ளும் என்று தெரியுமா என்று கேட்டுவிட்டுத்தான் சொல்ல முடியும்.

கோத்தகிரி ஐயாவுக்கு: வழுவமைதியை ஆய்வேட்டுக்கு வைத்துக்கொள்கிறேன். படிவத்தில் இடநெருக்கடி மீறல்.

குன்னூர்:

அப்படியானால் ஒரே கேள்வியை இரண்டாக்குங்கள். முதலில்: ‘நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சமாகும்: ஆம் / இல்லை.’ இரண்டு பக்கம் தள்ளி: ‘எவ்வளவு அடிக்கடி நியூட்ரலில் இறக்குகிறீர்கள்? 0–5.’ அடுத்தடுத்து வைத்தால் முதல் பதிலுக்குப் பொருத்தமாக இரண்டாவதைத் திருத்திவிடுவார்கள். ‘ஆம், 4’ என்றால் கணக்குப்பிசகு. ‘இல்லை, 4’ என்றால் மீறல்.