சேர்வரில் நான் போடாத சி$, அட்மின்$: அழிக்கலாமா?

கேள்வி (கிளிநொச்சி)
வணக்கம். ஒரு சின்னக் கந்தோரின் விண்டோஸ் சேர்வரை, முன்பு பார்த்தவர் விலகிய பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். நேற்று கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில், நெட்வேர்க்கில் பகிர்ந்திருப்பவற்றைக் காட்டும் 'நெட் ஷெயார்' என்ற கட்டளையை அடித்தால், எங்கள் போல்டர்களோடு சி$, டி$, அட்மின்$, ஐபிசி$ என்று நான் கண்டேயிராத பெயர்களும் நிற்கின்றன. நெஞ்சு திக்கென்றது. நெல் கொள்வனவுக் கணக்கு, விவசாயிகளின் காணி விபரம் எல்லாம் அந்த டி டிரைவில்தான் கிடக்கிறது. சி$ ஐ உடனே அழித்தேன். இன்று காலை கரண்ட் போய் வந்து சேர்வர் எழும்பியதும் அது திரும்ப நிற்கிறது! முன்னவர் போட்ட 'சம்பளம்$' என்று ஒன்றும் இருக்கிறது, அதுவும் இதே இனமா?

பதில் 1 (வவுனியா)
பயப்படாதீங்கோ தம்பி, ஒருவரும் புகவில்லை. அவற்றை விண்டோஸே போடுகிறது. சி$, டி$ முழு டிரைவுக்கும் வழி, அட்மின்$ விண்டோஸ் போல்டருக்கு. ஐபிசி$ போல்டரே இல்லை, கணனிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழி, அதில் கை வைக்க வேண்டாம். சி$, டி$, அட்மின்$ மூன்றுக்குள்ளும் சாதாரண பயனர் போக முடியாது, அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் இருக்க வேண்டும்.

எனக்குப் பயம் 'சம்பளம்$' பற்றித்தான். பெயரின் கடைசியில் $ போட்டால் நெட்வேர்க்கில் தேடும்போது கண்ணில் படாது, அவ்வளவுதான், பூட்டு இல்லை. பெயர் தெரிந்தவர் சேர்வர் பெயரோடு சேர்த்து அடித்தால் நேரே போய் நிற்கும், லினக்ஸ் கணனியில் பட்டியல் கேட்டால் பெயரும் அப்படியே தெரியும். அதன் பெர்மிஷனில், அதாவது யார் திறக்கலாம் என்ற பட்டியலில், 'எவ்ரிவன்' (எல்லாரும்) நிற்கிறதா என்று இப்பவே பாருங்கோ. போல்டரின் செக்யூரிட்டி பக்கத்தையும் பார்க்க வேண்டும், இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும்.

பதில் 2 (முல்லைத்தீவு)
அழித்தது திரும்பி வராமல் இருக்க ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் இடம்) லான்மேன்சேர்வர், பராமீட்டர்ஸ் என்ற இடத்தில் ஓட்டோஷெயார்சேர்வர் என்று ஒரு டிவேர்ட் (எண் மதிப்பு) போட்டு 0 கொடுக்க வேண்டும். ஆனால் நான் அதைச் செய்ய மாட்டேன். தூரத்திலிருந்து சேர்வரைப் பராமரிக்கும் சில மென்பொருள்கள் அட்மின்$ வழியாகத்தான் வேலை செய்யும், அப்புறம் எது ஏன் நின்றது என்று நாள் முழுக்கத் தேடுவீர்கள். அதைவிட அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் யார் யார் என்று பாருங்கள். எல்லாக் கணனிக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்ட் என்றால் ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் திறந்த படலை. 2017 ஜூனில் நொட்பெட்யா என்ற நாசகார மென்பொருள், பிடித்த கணனியில் கிடைத்த பாஸ்வேர்டை வைத்து அட்மின்$ வழியாகவும் பக்கத்துக் கணனிகளுக்குத் தன்னைப் பிரதி பண்ணியது.

கேள்வி கேட்டவர்
பார்த்தேன். 'சம்பளம்$' இல் எவ்ரிவன், ஃபுல் கொன்ட்ரோல் (முழு உரிமை). செக்யூரிட்டி பக்கத்திலும் அதே. முன் மேசைக் கணனியில் சாதாரண லொகினில் பெயரை அடித்தேன், எல்லாருடைய சம்பளத் தாளும் திறந்தது. எவ்ரிவனை எடுத்துவிட்டுக் கணக்காளர் இருவரை மட்டும் போட்டேன். அட்மின் குழுவில் நாலு பேர், அதில் ஒன்று விலகிப் போனவருடைய லொகின், இன்னும் உயிரோடு. அதையும் நிறுத்தியாச்சு. சி$ இருக்கட்டும்.